'காத்திரு' என்ற அறிவுரை மட்டும் போதுமா? மும்பை வளரிளம் பருவத்தினரும் எச்ஐவி விழிப்புணர்வும்

மும்பை: பள்ளிப் பருவத்தில் பாலுறவைத் தவிர்க்க வேண்டும் என்பதில் பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதை மாணவர்களிடம் எவ்வாறு சொல்வது, எச்ஐவி குறித்து எவ்வளவு சொல்வது என்பதில்தான் மகாராஷ்டிரத்தில் நீண்டகாலமாக விவாதம் நடைபெற்று வருகிறது. தமிழர்கள் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிக் குடும்பங்களுக்கும் இக்கேள்வி நேரடியாகப் பொருந்தும். இதுகுறித்து ஆய்வுகள் கூறுவது என்ன?

முழுமையான அறிவு எத்தனை பேருக்கு?

செம்பூரை அடுத்த தியோனாரில் இயங்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், பாப்புலேஷன் கவுன்சில் அமைப்புடன் இணைந்து 2006-07ஆம் ஆண்டு இளைஞர் ஆய்வை மேற்கொண்டது. மகாராஷ்டிரம், தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் தகவல் திரட்டப்பட்டது. திருமணத்துக்கு முன் பாலுறவு கொண்டதாகத் தெரிவித்தவர்கள் ஆண்களில் சுமார் 15 சதவீதம், பெண்களில் 4 சதவீதம் மட்டுமே. அதாவது, பெரும்பான்மையோர் காத்திருந்தவர்களே.

எனினும், எச்ஐவி குறித்த முழுமையான அறிவு ஆண்களில் 45 சதவீதத்தினரிடமும் பெண்களில் 28 சதவீதத்தினரிடமும்தான் காணப்பட்டது. குடும்ப வாழ்க்கை அல்லது பாலியல் கல்வி பெற்றவர்கள் இரு பாலரிலும் சுமார் 15 சதவீதமே.

இந்நிலை பின்னர் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. 15 முதல் 49 வயது வரையிலானோரைக் கணக்கில் கொண்ட 5ஆவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), நாட்டில் பெண்களில் 21.6 சதவீதத்தினரும் ஆண்களில் 30.7 சதவீதத்தினரும் மட்டுமே முழுமையான அறிவு பெற்றிருந்தனர்.

எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பது மட்டும் முழுமையான அறிவு ஆகாது. தொற்றில்லாத ஒரே துணையுடன் வாழ்வதும், ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்துவதும் தொற்று அபாயத்தைக் குறைக்கும் என்று அறிந்திருக்க வேண்டும். நல்ல உடல்நலத்துடன் தோற்றமளிப்பவருக்கும் எச்ஐவி இருக்கலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கொசுக்கடியாலோ, உணவைப் பகிர்ந்துகொள்வதாலோ அது பரவும் என்பன போன்ற தவறான நம்பிக்கைகளும் நீங்கியிருக்க வேண்டும்.

2007இல் நின்ற பாடம்

மத்திய அரசும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை வகுத்தன. 9 மற்றும் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஓராண்டில் 16 மணி நேர வகுப்புகள் என்பது அதன் வடிவம். பாடப் பொருளும் படங்களும் இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என எதிர்ப்பு எழுந்ததையடுத்து, மகாராஷ்டிரம் 2007இல் இதற்குத் தடை விதித்தது. வேறு சில மாநிலங்களும் இதே முடிவை எடுத்தன.

இப்பிரச்சினையை ஆராய்ந்த மாநிலங்களவை மனுக்கள் குழு, எம்.வெங்கையா நாயுடு தலைமையில் 2009இல் அறிக்கை அளித்தது. திருமணத்துக்கு முன் பாலுறவு கூடாது என்ற செய்தியே மாணவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

அறிவுரையின் பலன் என்ன?

அறிவுரை மட்டும் நடத்தையை மாற்றுமா என்ற கேள்வி ஆப்பிரிக்க நாடுகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் பாலுறவுத் தவிர்ப்பையும் ஒரே துணையுடன் வாழ்வதையும் வலியுறுத்தும் திட்டங்களுக்கு, 2004 முதல் 2013 வரை அமெரிக்கா 140 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. நிதி பெற்ற நாடுகளுக்கும் பெறாத நாடுகளுக்கும் இடையே இளையோரின் நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2016இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கென்யாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவானது. தவிர்ப்பை மையமாகக் கொண்ட அரசுப் பாடத்திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததால் பதின்பருவக் கர்ப்பங்கள் குறையவில்லை. வயதில் மூத்த ஆண்களிடையே எச்ஐவி தொற்று எவ்வளவு அதிகம் என்ற புள்ளிவிவரத்தை ஒரே வகுப்பில் எடுத்துரைத்த பள்ளிகளில், அத்தகைய கர்ப்பங்கள் 28 சதவீதம் குறைந்தன. பொதுவான எச்சரிக்கையைவிட, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்ற குறிப்பான தகவலே மாணவிகளுக்குப் பயன்பட்டது.

பாலியல் கல்வி பிள்ளைகளைத் தவறான பாதைக்கு இட்டுச் செல்லும் என்ற அச்சத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரில் அளித்த தீர்ப்பில், மகாராஷ்டிரத்தில் 900க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடம் நடத்தப்பட்ட ஆய்வை அது சுட்டிக்காட்டியது. இனப்பெருக்க, பாலியல் நலக் கல்வி பெறாத மாணவர்களே இளம் வயதில் பாலுறவைத் தொடங்கும் வாய்ப்பு அதிகம் என்பது அந்த ஆய்வின் முடிவு.

பள்ளியும் ஒரு பாதுகாப்பு

மலாவி நாட்டில் பள்ளி மாணவிகளுக்கும் அவர்களது குடும்பத்துக்கும் மாதந்தோறும் சிறு தொகை வழங்கப்பட்டது. 18 மாதங்களுக்குப் பின் அவர்களிடையே எச்ஐவி தொற்று 1.2 சதவீதமாகவும், தொகை பெறாதவர்களிடையே 3 சதவீதமாகவும் இருந்ததாக 2012இல் லான்செட் இதழ் வெளியிட்டது. படிப்பைத் தொடர்வதும் பொருளாதார நெருக்கடி குறைவதும், இளவயதுத் திருமணத்தையும் விரும்பாத உறவையும் மறுக்கும் வலிமையைப் பெண் பிள்ளைகளுக்குத் தருகின்றன.

இதை மும்பைச் சூழலில் பொருத்திப் பார்க்கலாம். கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது 8ஆம் வகுப்பு வரையே பொருந்தும். எச்ஐவி குறித்த வகுப்புகளோ 9ஆம் வகுப்பில்தான் தொடங்குமாறு வகுக்கப்பட்டன. 8ஆம் வகுப்புடன் படிப்பை நிறுத்திவிட்டு, தாராவியின் தையல் கூடங்களிலோ தோல் பட்டறைகளிலோ வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு, மிகவும் தேவைப்படும் வயதில் இந்தப் பாடம் கிடைப்பதில்லை.

மொழி எனும் தடை

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட 8 மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. ஆனாலும், தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் பலர் ஆங்கிலம், இந்தி அல்லது மராத்தி வழியில் பயில்கின்றனர். உடல் வளர்ச்சி, மாதவிடாய், தொற்று ஆகியவை பற்றி அவர்கள் பள்ளியில் அறியும் சொற்கள் வீட்டில் பேசப்படுபவை அல்ல. வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொற்களோ, ஒன்று வசைச் சொற்களாக இருக்கின்றன, அல்லது கூச்சத்தால் பேசப்படாமல் விடப்படுகின்றன. ஒரே அறையில் முழுக் குடும்பமும் வசிக்கும் வீடுகளில் தனித்துப் பேசவும் இடமில்லை. பெற்றோர் விட்டுவிடும் இடத்தை நண்பர்களும் கைபேசியும் நிரப்பிவிடுகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டோருடன் பாலுறவு கொள்வது, அவர்கள் சம்மதித்திருந்தாலும் குற்றமாகும். குற்றத்தை அறிந்தவர்கள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளைகளைப் பாதுகாக்கும் இவ்விதி, சிலரை மருத்துவரிடம் செல்லவும் அஞ்ச வைக்கிறது. கருக்கலைப்பு நாடும் சிறுமியின் பெயரை, அவர் தரப்பில் கோரினால், மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றுள்ள மாணவரைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதையும் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது.

யாரை அணுகலாம்?

2020இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத்திட்டத்தின் 11 தலைப்புகளில் எச்ஐவி தடுப்பும் ஒன்று. இதற்காக ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் பயிற்சி பெற வேண்டும். தம் பிள்ளையின் பள்ளியில் அவர்கள் யார், வகுப்புகள் நடக்கின்றனவா என்று பெற்றோர் கேட்டறியலாம்.

தாராவி, மாட்டுங்கா பகுதியினருக்கு அருகில் உள்ள சயான் மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்கின்றன. மும்பை மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் அலுவலகம் வடாலாவில் உள்ளது. 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பரிசோதனை செய்யப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை. தகவலும் ஆலோசனையும் பெற 1097 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாகும் குழந்தைகள் 1098 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.