கண்டிச் சீமையில் 'நீ'யும் 'நீங்க'ளும்: விளிவழக்கின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

ஐரோப்பியரின் வழக்கங்கள் பற்றிப் பயணிகள் ஓயாது விவாதிக்கும் விடயங்களுள் முன்னிலைப் பெயரும் ஒன்றாகும். பிரெஞ்சுக்காரரிடம் எந்நிலையில் 'வூ' என்பதை விடுத்துத் 'து' என்று பேசலாம், ஜேர்மானியர் எப்பொழுது 'சீ'யை விட்டு 'டு'வுக்கு வருவர், ஒரேயொரு 'யூ'வை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் எவ்வாறு காலங்கழிக்கின்றனர் என்பன போன்ற வினாக்கள் கண்டி வாவிக்கரை விடுதிகளிலும் எழக்கூடியவையே. இவற்றுக்கு அளிக்கப்படும் விடைகள் பெரும்பாலும் இனத்தின் குணத்தையே காரணமாகக் காட்டுவன. ஜேர்மானியர் விறைப்பானவர், பிரெஞ்சுக்காரர் நாசூக்கு மிக்கவர், ஆங்கிலேயர் சமத்துவப் பற்றுடையவர். இம்மூன்றாவது கருத்து நமது கல்விமான்களிடையேயும் செல்வாக்குப் பெற்றுள்ளது. தமிழிலே 'நீ', 'நீர்', 'நீங்கள்', 'தாங்கள்' என்று படிகள் பல இருப்பதைக் குறைகூறி, ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லை மெச்சுவோரை நாம் அடிக்கடி காண்கின்றோம். அக்கருத்தினைச் சோதிப்பதற்குக் கண்டிப் பிரதேசம் மிகப் பொருத்தமான களமாகும்.

1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாகக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்தவிலே வீடு கட்டி, தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தவர் அவர். யாரை எவ்வாறு அழைப்பது என்பது அத்தகையவருக்கு அன்றாடப் பிரச்சினை. 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில், சிங்களத்தில் முன்னிலையைச் சுட்ட ஏழெட்டுச் சொற்கள் உண்டு என்றும், ஆளின் தகுதிக்கேற்ப அவை வழங்கும் என்றும் அவர் எழுதினார். 'தோ' என்பதிலே தொடங்கி, 'உம்ப' வழியாகத் 'தமுன்னான்சே' வரை அவ்வரிசை ஏறிச் செல்கிறது. பெண்களுக்கு வழங்கும் பட்டங்கள் இன்னும் அதிகம். அரசன் முன்னிலையில் பேசுபவர் 'நான்' என்று சொல்வதில்லை. தம்மை நாயாகவும் தம் பிள்ளைகளை நாய்க்குட்டிகளாகவும் குறிப்பிடுவர். அதேவேளை, உழவனின் பேச்சுக்கும் அரசவையோன் பேச்சுக்கும் நயத்தில் வேறுபாடில்லை என்றும் நொக்ஸ் வியக்கிறார். மொழித்திறன் எல்லோர்க்கும் பொதுவாயிருக்க, அதனுள்ளே படிநிலை மட்டும் கண்டிப்பாய்க் காக்கப்பட்டது. இராசகாரியம் என்ற சேவைமுறையின் பேரில் நிலம் பகிரப்பட்ட சமுதாயத்தில், ஒருவன் யாருக்கு எக்கடமை செய்ய வேண்டியவன் என்பதனை ஒவ்வொரு விளியும் நினைவூட்டிற்று எனலாம்.

நொக்ஸ் இதனை விந்தையாகக் கண்டமைக்குக் காரணம் அவரது நாட்டின் நிலையேயாகும். ஆங்கிலத்திலும் 'தௌ' என்றும் 'யூ' என்றும் இரு வடிவங்கள் இருந்தன. முன்னது கீழோருக்கும் நெருங்கியோருக்கும் உரியது. பின்னது மேலோருக்கு உரியது. நொக்ஸ் பிடிபட்ட அதே 1660ஆம் ஆண்டில், குவேக்கர் இயக்கத்தின் தலைவர் ஜோர்ஜ் பொக்ஸ் முதலானோர் ஒருமை பன்மை வேறுபாட்டினை விளக்கித் தனிநூலே வெளியிட்டனர். ஒருவரைப் பன்மையால் அழைப்பது முகத்துதி என்பது அவர்கள் வாதம். நீதவானையும் 'தௌ' என்றே அழைத்தனர். தொப்பியையும் கழற்ற மறுத்தனர். அதற்காக உதையும் சிறையும் பெற்றனர். ஆனால் வென்றது அவர்களது 'தௌ' அன்று. நகரங்களின் வணிக வாழ்க்கையில், எதிரே நிற்பவரின் தகுதி உறுதியாகத் தெரியாதபோது உயர்ந்த வடிவத்தை வழங்குவதே பாதுகாப்பாயிற்று. ஆகவே இன்றைய 'யூ' உண்மையில் எல்லோருக்கும் வழங்கப்படும் 'நீங்கள்'. ஏற்றத்தாழ்வோ 'சேர்' என்ற விளியிலும், குடும்பப் பெயரை மட்டும் சொல்லி வேலைக்காரனை அழைப்பதிலும், குரலின் தொனியிலும் குடிபுகுந்தது.

பிரான்சில் 1793இல் புரட்சியாளர் எல்லோருக்கும் 'து' என்பதனைப் பொதுமையாக்க முயன்றனர். புரட்சி தணிந்ததும் 'வூ' மீண்டது. சுவீடனிலே 1960களின் பிற்பகுதியில் 'டு' பொதுவழக்காயிற்று. பிரவுன், கில்மன் என்னும் இருவரும் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இம்மாற்றங்களை அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளில் விளக்குகிறது. பயனுள்ள விளக்கமே, ஆயினும் அதிகாரம் எவ்வுற்பத்தி உறவிலிருந்து பிறக்கிறது என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

அக்கேள்விக்கு விடை தோட்டங்களிற் கிடைக்கிறது. 1820களிற் கம்பளைப் பகுதியிலே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரை வேலைவாங்க, 'யூ' மட்டும் அறிந்த துரைமார் தமிழ் கற்க வேண்டியவராயினர். அவர்களுக்கெனக் கொழும்பில் அச்சிடப்பட்ட கைந்நூல் ஒன்றின் தலைப்பு 'இங்கே வா' என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட நூலின் பெயரோ 'கூலித் தமிழ்'. ஆங்கில ஏவல் வினையில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழிலோ 'வா', 'வாரும்', 'வாருங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும். சமத்துவ மொழியொன்றின் பிள்ளைகள் எனப்படுவோர் தெரிந்தெடுத்தது 'வா'வினையே. அறுபது வயதுக் கிழவர் இருபது வயது இளைஞனைச் 'சின்னத்துரை' என்று அழைக்க, அவ்விளைஞன் அவரை 'நீ' என்றான். லயம், பிரட்டு, கொந்தரப்பு என்று ஆங்கிலச் சொற்கள் மலையகப் பேச்சில் வேரூன்றியதும் இந்த உறவின் வழியாகவே. இத்தெரிவினை வெள்ளையர் புதிதாய்க் கண்டுபிடிக்கவுமில்லை. கங்காணியின் வாயிலும் அதே 'நீ' முன்பே இருந்தது. யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதிக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பினைச் சுசீந்திரராசா 1978இலே எழுதிக் காட்டியதை அறிந்தோர், தமிழர் பக்கத்துக் குற்றத்தை மறுக்கமாட்டார்.

இங்கு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். மடுல்கலைப் பகுதியில் றெலுகஸ் தோட்டத்திலே சின்னத்துரையாகப் பயில வந்த பிரேஸ்கேடில் என்னும் ஆங்கில-அவுஸ்திரேலிய இளைஞர், தொழிலாளர் பக்கம் சார்ந்து லங்கா சமசமாஜக் கட்சியுடன் சேர்ந்தார். 1937 ஏப்பிரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டியில், கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட கூட்டத்தில் துரைமாரைக் கண்டித்து அவரும் பேசினார். அவரை நாடுகடத்த ஆள்பதி பிறப்பித்த கட்டளை மே மாதம் உயர்நீதிமன்றத்திலே தோற்றது பலரும் அறிந்த வரலாறு. அவ்வளவாகக் கவனிக்கப்படாதது பிறிதொன்று. அக்கூட்டத்தைப் பற்றிய பகைமை மிக்க அறிக்கையொன்று, அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொழிலாளர் 'சாமி, சாமி' என்று குரலெழுப்பியதாகக் கூறுகிறது. துரைத்தனத்தை எதிர்த்துப் பேசியவரை வரவேற்கவும் அம்மக்களின் கையிலிருந்தது துரைத்தனம் வளர்த்த சொல்லே. தோழர் என்ற சொல் அன்று மேடையில் இருந்தது. லயத்தை இன்னும் எட்டவில்லை. இதனை அறியாமை என்று சிரித்து ஒதுக்குவோர், விளியினைப் பேசுபவரின் தனிவிருப்பமாகக் கொள்ளும் பயணியின் பிழையையே செய்கின்றனர்.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர். 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இன்று அவ்விருக்கையில் இருப்பவர் சிங்களவராயிருக்கலாம், தமிழராயிருக்கலாம், பேராதனையிற் பட்டம் பெற்றவராயுமிருக்கலாம். அவரும் துரையே, அவருக்கு உதவியாளர் சின்னத்துரையே.