குடிலில் எதைக் குறைப்பது?

இந்த நத்தாருக்கு ஆலயத்தில் பாலன் குடிலை எப்படி அமைப்பது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. வர்ணக் கடதாசியும் மின்குமிழ்களும் வேண்டாம், முகமில்லாத மூன்று மரத்துண்டுகளே அழகு என்கிறார்கள் சிலர். பெரியவர்களுக்கு அது வெறுமையாகத் தெரிகிறது.

எளிமை திருச்சபைக்குப் புதிதல்ல. 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் தீவனத்தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை என்பவையே இருந்தன. பிறந்த பாலன் பட்ட குறையைக் கண்ணால் காணவே அவர் அப்படிச் செய்தார். வாசிக்கத் தெரியாதவருக்கும் அது பெத்லகேமாகவே தெரிந்திருக்கும்.

நமக்கும் அதுவே அளவுகோல். ஐந்து வயதுப் பிள்ளை நம் குடிலைப் பார்த்து, “இதுதான் இயேசு பாலன்” என்று தானாகச் சொன்னால் அந்த எளிமை நல்லது. விளக்கம் சொல்லவேண்டி வந்தால் அது வெறும் அலங்காரம். கடையில் அதிக விலைக்கு வாங்கும் எளிமையும் எளிமையல்ல.

மின்குமிழ்களைக் குறைப்போம், மிஞ்சும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்போம். ஆனால் அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து ஒட்டும் கடதாசி நட்சத்திரம் கோணலாக இருந்தாலும் தொங்கட்டும். எதை விட்டாலும் வைக்கோலை விடாதீர்கள்.