கொடிக்காலுக்கு நிழல் தரும் அகத்தி

வெற்றிலை நிழல் விரும்பும் பயிர். ஈரக் காடுகளில் மரம் பற்றி வளர்ந்த கொடி அது. சித்திரை வெயில் நேரே பட்டால் இலை சிறுத்து, வெளிறி, ஓரம் கருகும். நிழல் மிகுந்தாலோ கொடி மெலிந்து நீளும்; பாத்தியில் ஈரம் காயாமல் வாடல் நோய்க்கு இடமாகும். ஆகவே நிழலை அளந்து கொடுப்பதே கொடிக்கால் விவசாயத்தில் பாதி வேலை.

அகத்தி ஏன்?

அகத்தி விரைந்து வளர்கிறது. சிற்றிலைகள் வெயிலைச் சல்லடை போல் சலித்து இறக்குகின்றன. வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துகின்றன. தழை ஆடு, மாடுகளுக்கு நல்ல தீவனம்.

விதைப்பு

2 மீட்டர் அகலத்தில் பாத்தி அமைத்து, இடையில் அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் வாய்க்கால் எடுக்க வேண்டும். பாத்தியில் நீள வரிசையாக அகத்தி விதைத்து, ஓரங்களில் வாழை நடலாம். வாழை ஈரம் காக்கும். பின்னர் அகத்தியைச் சாயாமல் கட்டி நிறுத்தவும் உதவும். அகத்தி வளர்ந்து நிழல் விழுந்த பின்னரே கொடி நட வேண்டும். வரிசையில் செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி போதும். அகத்தி 4 மீட்டர் உயரம் வந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும்.

கழிக்கும் காலம்

புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்பே, பக்கக் கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் தர வேண்டும். மழை நாளில் வாய்க்காலில் நீர் தேங்கலாகாது. தை பிறந்தபின் கழிப்பைக் குறைத்துக்கொண்டால், பங்குனிக்குள் தழை மூடி நிழல் கூடிவிடும்.

கோடையில் தீவனம் கிராக்கி. ஆடு வளர்ப்போர் அகத்தித் தழை கேட்டு வருவார்கள். கைக்காசு வருகிறதே என்று மொட்டையடித்துவிடக் கூடாது. தழையில் கிடைப்பது ஒருநாள் வரவு. கருகிய கொடி மீண்டும் தழைக்கும் வரை வெற்றிலைப் பறிப்பு குறையும். தழை வேண்டுமானால் அடர்ந்த இடத்தில் மட்டும், மரத்துக்கு ஓரிரு கிளை எடுக்கலாம்.

நண்பகலில் பாத்தியைப் பாருங்கள். நிழலும் வெயிலும் புள்ளி புள்ளியாக விழுந்தால் சரி. அகத்தி பட்டுப்போன இடத்தில் மூங்கில் கழி ஊன்றி, தென்னங்கீற்று சாத்தி, பக்கத்தில் புதுவிதை ஊன்றலாம்.

ஆத்தூர், சோழவந்தான் வெற்றிலைகள் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப் பெயரால் கிடைக்கும் விலை இலையின் தரத்தால்தான் நிலைக்கும். அத்தரத்துக்கு அகத்தி நிழல் துணை செய்யும்.