குப்பையா, கருவூலமா?

சென்னையின் தென்பகுதியான பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாக, ஒரு பெரிய குப்பைக் கிடங்கு உண்டு. நகரம் வேண்டாமென்று தள்ளியவை பல ஆண்டுகளாக அங்கே குவிந்தன. பக்கத்துத் தரமணியில் இருக்கிறது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் முத்தையா நாடக நோட்டீசுகளைக்கூட விடாமல் சேர்த்தார்; அந்தச் சேகரத்தைக் கொண்டே 1994-இல் இந்நூலகம் தோன்றியது. ஓரிடத்தில் குப்பையாகும் தாள் மற்றோரிடத்தில் கருவூலமாவது எப்படி?

'விண்டேஜ்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். திராட்சை அறுவடையைக் குறித்த சொல் அது. எந்த ஆண்டுத் திராட்சையில் செய்த மது என்பதைச் சுட்டப் பயன்பட்டு, பிறகு ஒரு காலத்தின் முத்திரை பதிந்த பொருள்களுக்கெல்லாம் பெயராயிற்று. எத்தனை வயதாக வேண்டும்? பொது விதி கிடையாது. நம் மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல அமைப்பு மாறாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் விண்டேஜ் என்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ சிற்பம் போன்றவற்றுக்கு 100 ஆண்டு கேட்கிறது. ஆனால் வயது மட்டும் போதாது. ஆற்றங்கரைக் கூழாங்கல்லின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள்; அதை யார் விலை கொடுத்து வாங்குகிறார்கள்?

கிராமபோன் இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கறுப்புத் தட்டு, அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கில் கல்மாவு கலந்து அழுத்திச் செய்யப்பட்டது. கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கும். எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் வரிப்பள்ளத்தைச் சிறிது தேய்க்கும். இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மேல்நாடுகளில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்துப் புதிய தட்டுகள் வார்த்தார்கள். இத்தனைக்கும் தப்பியவை சிலவே. ஏராளமாய் இருந்தபோது மலிவு, பழசானதும் பரண், பெரும்பகுதி அழிந்தபின் மிஞ்சியதற்கு விலை. பொருள்கள் இப்படிக் குப்பை நிலையைக் கடந்தே அரும்பொருளாகின்றன என்று மைக்கேல் தாம்சன் 1979-இல் ஒரு நூலே எழுதினார்.

அருமை ஒரு காரணம். அதில் அடங்கிய செய்தி மற்றொன்று. இதையே நான் பெரிதென்பேன். நாடக மேடையின் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் குரலை இன்று நாம் கேட்பது அந்தத் தட்டுகளின் தயவால்தான். ஒரு பாட்டுக்குரிய கடைசித் தட்டும் உடைந்துவிட்டால், எந்தத் தொழிற்சாலையாலும் அதை மறுபடி செய்ய முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் தட்டு ஏதேனும் கிடைத்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். தச்சர் பாலீஷுக்கு அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான், தட்டும் கரையும்! மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டி, நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். லேபிளிலும் அதைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்திலும் உள்ள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான காலத்தைக் கண்டுபிடிக்க அவையே துப்பு.