டில்லி வண்டி ஆடி டிடி: விலை மலிவு, கார் மலிவா?

சின்னாளப்பட்டியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, 2012 மாடல் ஆடி டிடி, டில்லி வண்டி. புது ஸ்விஃப்ட் விலைக்கு வருது. சேமிப்பு மொத்தமும் போட்டுடலாமா?"

முதல்ல, ஏன் இவ்வளவு மலிவு? டில்லியில டீசல் காருக்கு 10, பெட்ரோல் காருக்கு 15 வருஷம்தான்னு பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை, 2018-ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சது. அந்த வயசு நெருங்க நெருங்க அங்க விலை சரிஞ்சது. குறைஞ்சது டில்லியில ஓடுற காலம். இன்ஜினோட ஆயுள் இல்ல.

அடுத்து பேப்பர். டில்லி ஆர்டிஓ என்ஓசி வேணும். இங்க வண்டியோட வயசுக்கு ஏத்த ஆயுள் வரி கட்டணும். 15 வருஷம் முடிஞ்சா தகுதிச் சோதனை பண்ணி ஆர்சி புதுப்பிக்கணும். அது 5 வருஷத்துக்குத்தான். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரல்ல நல்லா ஏறிடுச்சு. இதெல்லாம் சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது உதிரிபாகம். கார் பழசானா கார் விலை குறையும். பார்ட்ஸ் விலை குறையாது. கியர்பாக்ஸ்ல ரெண்டு கிளட்ச், அதை இயக்க உள்ளேயே ஒரு கம்ப்யூட்டர், வால்வுகள். அது போச்சுன்னா தெருமுனை மெக்கானிக்கால தொடக்கூட முடியாது. மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ ரெக்கவரி வண்டியில ஏத்தணும்.

என் கணக்கு சிம்பிள்: கார் விலையில பாதியை ரிப்பேருக்குன்னு தனியா வைக்க முடிஞ்சா, சர்வீஸ் ரெக்கார்டும் முழுசா இருந்தா, வாங்குங்க. சேமிப்பு மொத்தமும் காருக்கே போகுதுன்னா வேண்டாம் தம்பி. முதல் ரிப்பேர் அன்னைக்கே கார் ஷெட்டுல நிக்கும், கடன் உங்க தலையில நிக்கும்.