பெட்ரோல் போட இறங்கிய ஊர்: அயர்லாந்து வானில் வளர்ந்த கதை

 

புவியியல் அட்லஸில் ஐரோப்பா படத்தை எடுத்து வையுங்கள். இடது பக்க ஓரத்தில், பிரிட்டனையும் தாண்டி மேற்கே ஒரு தீவு தெரியும். அதன் பெரும்பகுதிதான் அயர்லாந்து நாடு. அதற்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல். கடலைத் தாண்டினால் கனடா, அமெரிக்கா. 2022-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி அந்த நாட்டு மக்கள் தொகை சுமார் 51 லட்சம். நம்ம சென்னையைவிடக் குறைவு!

ஆனால் பாருங்கள், ஐரோப்பாவிலேயே அதிகப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ரயன்ஏர் என்ற விமானக் கம்பெனி இந்த நாட்டுடையது. உலகத்தில் குத்தகைக்கு ஓடும் விமானங்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் நிர்வகிக்கப்படுகின்றன. ஏர்போர்ட்டில் 'டூட்டி ஃப்ரீ' கடை முதன்முதலில் திறந்ததும் இங்கேதான். 'இத்தனூண்டு நாட்டுக்கு இதெல்லாம் எப்படி வந்தது?' என்று எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஓரத்தில் இருந்ததே அதிர்ஷ்டம்

1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பேர் கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து கிளம்பினார்கள். எங்கும் நிற்காமல் சுமார் 16 மணி நேரம் பறந்து அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். உலகில் அதுவே முதல் தடவை. அவர்கள் இறங்கிய இடம் அயர்லாந்தில் கிளிஃப்டன் ஊருக்குப் பக்கத்தில். மேலேயிருந்து பார்க்கப் பச்சைப் புல்வெளி மாதிரி இருந்ததாம். இறங்கினால் சதுப்பு நிலம்! விமானம் மூக்குக் குத்தி நின்றது. நல்ல வேளை, இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து வருவது ஓரளவு சுலபம். இந்தப் பக்கத்திலிருந்து போவதுதான் கஷ்டம். ஏன் தெரியுமா? வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அமெரிக்கா போகிற விமானம் எதிர்காற்றில் போக வேண்டும். ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற மாதிரி. அதனால் நேரமும் அதிகம், எரிபொருள் செலவும் அதிகம். நிற்காமல் மேற்கே போகும் முதல் பயணம் 1928 ஏப்ரலில்தான் முடிந்தது. 'பிரெமன்' என்ற அந்த விமானம் அயர்லாந்தின் பால்டனல் தளத்திலிருந்து கிளம்பி, சுமார் 36 மணி நேரம் பறந்து, கனடாவில் ஒரு சின்னத் தீவில் இறங்கியது. அதில் போன மூவரில் ஃபிட்ஸ்மாரிஸ் என்பவர் அயர்லாந்துக்காரர்.

அயர்லாந்தின் சொந்த விமானக் கம்பெனியான ஏர் லிங்கஸ் 1936-இல் ஆரம்பமானது. முதல் நாள், மே 27 அன்று, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குப் போனது ஒரே ஒரு குட்டி விமானம். அதில் இருந்த பயணிகள் ஐந்தே பேர்! விமானத்தின் பெயர் 'ஐயலர்'. அவர்கள் மொழியில் கழுகு என்று அர்த்தம்.

பறக்கும் படகுகள்

அந்தக் காலத்தில் பெரிய விமானம் இறங்கும் அளவுக்கு நீளமான ஓடுதளங்கள் அதிகம் கிடையாது. அதனால் தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும் 'பறக்கும் படகு' விமானங்கள் ஓடின. ஷானன் ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் ஃபாய்ன்ஸ் என்று ஒரு கிராமம். அமைதியான தண்ணீர், அமெரிக்காவுக்கு நேர் எதிரே இருக்கிற இடம். 1937-இல் சோதனைப் பயணங்கள் நடந்தன. 1939-இல் அமெரிக்காவின் பான் ஆம் கம்பெனி விமானம் பயணிகளோடு வந்து இறங்கியது.

ஃபாய்ன்ஸிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து சுமார் 3,200 கிலோமீட்டர். நடுவில் முழுக்கக் கடல். கிளம்பும் முன்னால் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டே ஆக வேண்டும். அதனால் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெரிய பெரிய தலைவர்களும் நடிகர்களும் இந்தக் கிராமத்தில் காத்திருந்தார்கள். 1943-இல் ஒரு குளிர்கால இரவில் மோசமான வானிலையால் திரும்பி வந்த பயணிகளுக்காக, ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் காபியில் விஸ்கி கலந்து மேலே கிரீம் மிதக்கவிட்டுக் கொடுத்தாராம். உலகமெங்கும் 'ஐரிஷ் காபி' என்று விற்பது அதுதான்.

டூட்டி ஃப்ரீ பிறந்தது

போர் முடிந்த 1945-லேயே பறக்கும் படகுகளின் காலம் ஃபாய்ன்ஸில் முடிந்தது. ஆற்றின் எதிர்க்கரையில் ஓடுதளத்தோடு ஷானன் ஏர்போர்ட் தயாராக இருந்தது. அமெரிக்கா போகிற, வருகிற விமானங்கள் அங்கே இறங்கின. பெட்ரோல் போடும்வரை பயணிகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே உணவு விடுதியைக் கவனித்துக்கொண்டவர் பிரெண்டன் ஓ'ரீகன். அவர் யோசித்தது இதுதான்: இந்தப் பயணிகள் நம் நாட்டுக்குள் நுழையவே இல்லை. இறங்கி, மறுபடி ஏறிப் போய்விடுகிறார்கள். அப்படின்னா நம் நாட்டு வரியை இவர்கள் ஏன் கட்ட வேண்டும்? அரசாங்கமும் ஒத்துக்கொண்டு 1947-இல் சட்டம் போட்டது. சுங்க வரி இல்லாத கடை பிறந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் மாமாக்கள் ஏர்போர்ட் பையில் கொண்டு வரும் சாக்லேட்டுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் பூர்வீகம் இந்த ஷானன்தான்!

ஜெட் வந்தது, ஆபத்தும் வந்தது

1958-ஆம் ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஜெட் விமானங்கள் ஓட ஆரம்பித்தன. ஜெட் வேகமாகப் போகும். புதிதாக வந்த ஜெட்களால் அதிகத் தூரமும் போக முடிந்தது. போகப் போக, ஷானனில் இறங்கிப் பெட்ரோல் போட வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது.

பைபாஸ் ரோடு போட்ட பிறகு ஊருக்குள் இருக்கிற டீக்கடைகள் என்ன ஆகும்? அதே நிலைமைதான். ஏர்போர்ட்டை நம்பி இருந்த குடும்பங்கள் என்ன செய்யும்? சுற்றிலும் விவசாயம்தான், வேறு வேலை அதிகம் இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதுதான். அந்த நாட்டில் அப்போது ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஓ'ரீகன் இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர். 1951-லேயே ஷானனில் ஒரு ஹோட்டல் நிர்வாகக் கல்லூரி தொடங்கியிருந்தார். 1959-இல் ஏர்போர்ட்டை ஒட்டியே வரியில்லாத தொழில் வளாகம் தொடங்கினார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டு வரலாம், அங்கேயே பொருளாகச் செய்து ஏற்றுமதி செய்யலாம். வேலை வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்காக ஷானன் என்ற புது நகரமே எழும்பியது.

இதைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1980-இல் வந்தவர்களில் ஒருவர் சீன அதிகாரி ஜியாங் ஜெமின். பின்னாளில் அவர் சீன அதிபரே ஆனார். அதே 1980-இல்தான் சீனாவில் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலம் தொடங்கியது. நம் நாட்டில் 1965-இல் குஜராத்தின் காண்ட்லாவிலும், 1984-இல் சென்னை தாம்பரத்திலும் வந்த ஏற்றுமதி வளாகங்களும் இதே வகைதான்.

சும்மா நின்ற விமானம்

1970-களில் ஏர் லிங்கஸுக்கு ஒரு பிரச்சினை. கோடைக் காலத்தில் கூட்டம் அள்ளும். குளிர்காலத்தில் பெரிய போயிங் 747 விமானத்துக்கு ஆள் கிடைக்காது. நின்றாலும் செலவுதான். அங்கே வேலை பார்த்த டோனி ரயன், ஒரு ரயில் டிரைவரின் மகன். அவர் அந்த விமானத்தைத் தாய்லாந்தின் ஏர் சயாம் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். 'இதையே ஒரு தொழிலாகச் செய்தால் என்ன?' என்று தோன்றியது. 1975-இல் ஷானனில் கின்னஸ் பீட் ஏவியேஷன் என்ற குத்தகைக் கம்பெனி பிறந்தது.

1992-இல் அந்தக் கம்பெனி பங்குகளை விற்க முயன்று தோற்று, கிட்டத்தட்ட முழுகியே போனது. ஆனால் அங்கே தொழில் கற்றவர்கள் பலர் வெளியே வந்து அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். இன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய விமானக் குத்தகைக் கம்பெனியான ஏர்கேப்பின் தலைமையகம் டப்ளின் நகரில் இருக்கிறது.

அதே டோனி ரயன் குடும்பத்தோடு தொடங்கியதுதான் ரயன்ஏர். 1985-இல் 15 பேர் உட்காரும் விமானத்தோடு ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே டப்ளின் – லண்டன் வழியில் பெரிய கம்பெனிகளின் டிக்கெட் விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தது. முதலில் பெரிய நஷ்டம்தான். சாப்பாடு இலவசம் இல்லை, ஒரே வகை விமானம், இறங்கியதும் உடனே கிளம்பு என்று முறையை மாற்றிய பிறகு நிமிர்ந்தது. 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் 20 கோடிப் பயணிகளை ஏற்றியிருக்கிறது. நாட்டு மக்கள் தொகை 51 லட்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

எல்லாம் சுமுகமாக நடந்ததா?

இல்லை. ஷானனைக் காப்பாற்ற ஒரு கட்டாய விதியும் இருந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்து வரும் விமானங்கள் ஷானனில் இறங்கியே தீர வேண்டும். தலைநகர் டப்ளினுக்குப் போகிறவர்களுக்கு இது வீண் தாமதம். 'ஏன் எங்களை அலைய விடுகிறீர்கள்?' என்று அவர்கள் கேட்டார்கள். 'இதை எடுத்தால் எங்கள் பகுதி அழிந்துவிடும்' என்று மேற்குப் பகுதி மக்கள் போராடினார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. 1993-இல் விதி தளர்ந்தது. 2008-க்குப் பிறகு இல்லாமலே போனது. இன்று நாட்டின் பெரும்பாலான விமானப் பயணிகள் டப்ளின் வழியாகத்தான் போகிறார்கள். ஷானன் ஏர்போர்ட் டப்ளினைவிட ரொம்பச் சின்னதுதான். ஆனால் அழியவில்லை.

நான் புரிந்துகொண்டது

நல்ல இடத்தில் இருப்பது ஒரு அதிர்ஷ்டம். ஆனால் அது ஒரு புது எஞ்சின் வரும் வரைக்கும்தான். விமானங்கள் நின்ற காலத்திலேயே அந்த மக்கள் விருந்தோம்பல், வியாபாரம், விமானக் கணக்கு வழக்கு எல்லாம் கற்றுக்கொண்டார்கள். விமானம் நிற்காமல் போன பிறகும் கற்றது கையில் இருந்தது. சட்டத்தால் இறங்க வைத்ததைவிட, இந்தக் கற்றல்தான் நீண்ட நாள் சோறு போட்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே: நம் ஊர் இன்று எதை நம்பி இருக்கிறது? அது நாளைக்கு இல்லாமல் போனால், நம் கையில் என்ன மிஞ்சும்? உங்கள் பதிலை எழுதி, வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். நல்ல பதில்கள் அடுத்த இதழில் இடம் பெறும்.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு