குழலுக்கு ஒரு வயது, கட்டைக்கு ஒரு வயது

கண்டிக் கொல்லர் செய்த பழைய துவக்கை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது எளிது. அடிக்கட்டையின் முனை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். சக்கிமுக்கிக் கல்லைப் பற்றியிருக்கும் விசைப்பொறி இடப்பக்கத்தில் இருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் அது வலப்பக்கம். இந்தப் பொறி போர்த்துக்கேயர் வழியாக வந்த வடிவம். கண்டியில் துவக்கின்மேல் வெள்ளியும் தந்தமும் ஏறின.

கண்ணைப் பறிக்கும் இந்த வேலைப்பாட்டில் பெரும்பகுதி கட்டையிலும் பொறியிலுமே இருக்கிறது. குழல் வெறும் இரும்பாகத் தோன்றும். ஆனால் அந்தக் குழல் துவக்கோடு பிறந்ததா, பிறகு மாற்றப்பட்டதா என்பதில்தான் அதன் வரலாறே அடங்கியிருக்கிறது.

முதலில் கெடுவது குழல்தான். கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை உள்ளிருந்து அரிக்கும். கண்டி மலைகளின் ஈரத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். தீப்பொறி உள்ளே போகும் மருந்துத்துளையும் ஒவ்வொரு வேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே வரும். நல்ல கட்டையை வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றுவது அந்தக் காலத்தில் சாதாரண பராமரிப்பு.

மாற்றியதைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான். கண்டித் துவக்கின் பொறி இடப்பக்கத்தில் இருப்பதால் துளையும் இடப்பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஐரோப்பியக் குழலைக் கொண்டுவந்து பொருத்தினால் அதன் துளை வலப்பக்கம் நிற்கும். குழலைப் புரட்டிப் போடலாம். ஆனால் மேலே இருந்த குறிகாட்டி கீழே போய்விடும். ஆகவே பழைய துளையை அடைத்து எதிர்ப்பக்கம் புதிதாகத் துளைக்க வேண்டும். அடைத்த இடத்தை அரம் கொண்டு எவ்வளவு ராவினாலும் ஊடுகதிர்ப் படத்தில் வட்டமாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது இரும்பின் உள்ளமைப்பு. பழைய குழல் நீண்ட இரும்புப் பட்டையை ஒரு கம்பியின் மேல் வளைத்து, விளிம்புகளைக் காய்ச்சி அடித்து ஒட்டியது. அந்த ஒட்டு, குழல் நெடுக ஒரு கோடாகவோ சுற்றிவரும் திருகாகவோ மறைந்திருக்கும். உலையில் உருகாமல் பிரிந்த இரும்பு என்பதால் அதற்குள் கசடு இழை இழையாக நிற்கும். அந்தக் கசடு தாதுக் கல்லின் வேதி அடையாளத்தைச் சுமந்துகொண்டிருக்கும். இலங்கைக்குச் சொந்த இரும்பு மரபு உண்டு. சமனலவெவவில் பருவக்காற்றால் இயங்கிய பழைய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். கண்டிக் கைவினைகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் எழுதிய நூலும் உள்ளூர் இரும்பு, உருக்கு வேலையைப் பதிவு செய்திருக்கிறது. ஒட்டும் இல்லை, கசடும் இல்லை, ஒரே சீரான உருக்கு என்றால் அந்தக் குழல் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கட்டை எவ்வளவு பழையதாக இருந்தாலும் சரி.

இதே கேள்வியை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் லீவர் இழுத்துச் சுடும் வின்செஸ்டர் ரைபிள்களிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேலை சுலபம். 1905இலிருந்து அந்த ஆலை நீள்வட்டத்துக்குள் ‘டபிள்யூ பி’ என்ற சோதனை முத்திரையைக் குழலிலும் உடற்பகுதியிலும் குத்தியது. அதற்கு முந்திய துப்பாக்கியில், குழலில் மட்டும் அந்த முத்திரை இருந்தால் குழல் பின்னால் வந்தது. கண்டியில் அப்படி முத்திரையும் வரிசை எண்ணும் இட்ட ஆலை எதுவும் இல்லை. பொருளே சாட்சி.

இந்தக் கேள்வி இப்போது முக்கியமாவதற்குக் காரணம், 2023இல் திரும்பிவந்த சில பொருள்கள். 1765இல் ஆளுநர் வான் எக்கின் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நகரை விட்டு வெளியேறியிருந்தார். அப்போது போனவற்றில் ஆறு பொருள்களை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலிருந்து நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. இப்போது அவை கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளன. பொன்வாள், வெள்ளிவாள், ஒரு கத்தி, ‘மஹா துவக்கு’ எனப்படும் இரண்டு பெரிய துவக்குகள், பிறகு லெவ்கே திசாவை என்ற மாகாணத் தலைவரின் பீரங்கி.

அந்தப் பீரங்கி அருகே நின்று பார்க்கத்தக்கது. வெண்கலக் குழலின் வடிவம் ஐரோப்பியச் சிறு பீரங்கியினுடையது. மேலே பொன், வெள்ளி, மாணிக்கம். சூரியன், பிறை, சிங்கம் ஆகிய கண்டி அரசுச் சின்னங்கள். லெவ்கே திசாவை அதை 1745-46 அளவில் மன்னருக்கு அளித்ததாகக் கருதப்படுகிறது. அப்போது ஆட்சியில் இருந்தவர் மதுரை நாயக்க உறவில் வந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன். கொடுத்த ஆண்டு அன்பளிப்பின் வயதைச் சொல்லும். வார்த்த ஆண்டு அதற்கு முந்தியதாகவே இருக்கக்கூடும். வெண்கலத்தில் கலந்துள்ள தகரம், ஈயம், நாகம் ஆகியவற்றின் விகிதத்தை ஊடுகதிர் உமிழ்வுக் கருவியால் அளந்து, நாளறிந்த ஒல்லாந்தப் பீரங்கிகளோடு ஒப்பிட்டால் குழலைத் தனியாக விசாரிக்கலாம். பொருளைச் சுரண்டவே வேண்டியதில்லை.

குழல் வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் கண்டிக் கலைஞரின் பெருமை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது முற்றிலும் தவறாகப் படுகிறது. அந்நிய ஆயுதத்தை அரச மரியாதைக்குரிய பொருளாக மாற்றிய கை யாருடையது என்பதை அப்போதுதான் சரியாகக் காட்ட முடியும். அதற்கு நூதனசாலைக் குறிப்பில் ‘கண்டி, 18ஆம் நூற்றாண்டு’ என்ற ஒற்றை வரி போதாது. குழல், பொறி, கட்டை, அலங்காரம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். ஊடுகதிர்ப் படத்தையும் பக்கத்திலேயே மாட்ட வேண்டும், பாடசாலைப் பிள்ளைகளின் கண் உயரத்தில்.